உச்சிப்பொழுதில் இறங்கிய கோடு

பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் வரப்போகிறீர்கள் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கே உன் அறையைத் துடைத்து, கட்டிலை ஜன்னலோரமாக நகர்த்திப் போடச் சொன்னாள். போட்டுவிட்டேன். நீ பிரான்சிலிருந்து வந்த களைப்பு தீருமுன்பே மொட்டை மாடிக்குத்தான் ஏறுவாய் என்று எனக்குத் தெரியும். அண்ணன் வைத்துவிட்டுப் போன சோலார் பேனல்களைத் தொட்டுப் பார்ப்பாய். அதில் தெற்குக் கடைசியில் இருக்கும் பேனலின் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது, தோசை தீய்ந்த மாதிரி. அது என்ன என்று அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டுக் கேட்பாய். உன் அம்மா காதுபட அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. போனில் சொல்லலாமென்றால் நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். நிதானமாகப் படி. மாப்பிள்ளையிடம் சொல்லலாம். அம்மாவிடம் சொல்லாதே.

பங்குனி மாதத்தில் நீ அடிக்கடி போன் செய்தாய். பேனல் கொடுக்கிற கரண்டை ஒரு கோடாகக் காட்டும் ஆப், அண்ணன் உன் போனிலும் என் போனிலும் போட்டுக் கொடுத்தது. காலையில் ஏறி, உச்சியில் குன்று மாதிரி நின்று, சாயங்காலம் இறங்கும் கோடு. அண்ணன் போன பிறகு நீ தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னாய். கோடு ஏறினால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு ஆறுதல் என்றாய். பிறகு ஒரு நாள், "அப்பா, உச்சி நேரத்துல கோடு சடார்னு உழுந்து, கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்திருக்குது. தெனமும் இப்படி ஆவுது. மேல போய் இன்னான்னு பாருங்க" என்றாய். மேகமாக இருக்கும் என்றேன். இந்த வெயிலில் ஏது மேகம் என்று கேட்டாய். சூடு அதிகமானால் கரண்டு குறையும், அண்ணனே சொல்லியிருக்கிறானே என்று மழுப்பினேன். நான் மேலே போகவே இல்லை. அண்ணனை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து அந்தப் படியில் நான் கால் வைத்ததில்லை.

ஏன் வைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். உன் அண்ணன் சரவணன் இந்தத் தொழிலுக்குப் போனதே எனக்கு முதலில் பிடிக்கவில்லை. என் அப்பா மில்லில் தறிக்கு முன்னால் நின்றார். நான் நம்மூர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மெஷினுக்கு முன்னால் நின்று ஓய்வு பெற்றேன். கூரைக்கு அடியில் நின்று பிழைத்த குடும்பம் நாம். இவன் கூரைக்கு மேலே ஏறிப் பிழைக்கிறேன் என்றான். ஆனால் உன் கல்யாணத்துக்கு முந்தின தை மாதம் நம் வீட்டு மாடியில் பேனல் மாட்டினான் பார், அன்றைக்கு அவன் வேலை செய்த அழகைப் பார்த்து என் மனம் மாறிவிட்டது. இரும்புக் கால்களை இடுப்பளவுக்கு நிறுத்தி அதன்மேல் பேனலை வைத்தான். புயல் காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விடாதா, தரையோடு ஒட்டி வையேன் என்றேன். அடியில் காற்று புகுந்து போக வேண்டும், இல்லையென்றால் சூடேறிவிடும் என்றான். சூடேறினால் நல்லதுதானே, வெயிலைத்தானே கரண்டாக மாற்றுகிறது என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "வெளிச்சம்தாம்பா வேணும், சூடு வேணாம். மாசி வெயில்ல வர்ற கரண்டு அக்னி நட்சத்திரத்துல வராது. ரொம்பச் சூடானா அதுவும் நம்மள மாதிரி சோர்ந்து போயிடும்." அப்போது உன் அம்மா டீ எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவன் நெற்றியை முந்தானையால் துடைத்தாள். அவள் இறங்கிப் போன பிறகு என் தோளிலிருந்த துண்டை உருவி ஒரு பேனலின் மேல் விரித்தான். போனை என் கையில் கொடுத்து எண்ணைப் பார்க்கச் சொன்னான். ஒரே ஒரு பேனலை மூடியதற்கு மொத்த வரிசையின் கரண்டும் தொப்பென்று விழுந்தது. தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் போதாதா, அந்த மாதிரிதான் நிழலும் என்றான். சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும், நிழல் ஒரேயடியாக வெட்டிவிடும் என்று அவன் சொன்னது என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான், கோடு சடாரென்று விழுகிறது என்று நீ சொன்னதும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அது மேகமுமில்லை, சூடுமில்லை. உச்சி வேளையில் யாரோ என் மகனைப் போலவே அங்கே எதையோ விரிக்கிறார்கள். யார் என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் பேய் பிசாசை நம்புகிறவனில்லை பாப்பா. ஆனால் ஒரு நாள் மத்தியானம் போனைத் திறந்து அந்தக் கோடு விழுவதை நானே பார்த்தேன். உடம்பு சில்லிட்டது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அண்ணன் எப்படிப் போனான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் எல்லாம் தெரியாது. நீ விமானம் பிடித்து வந்து சேருவதற்குள் காரியங்கள் முடிந்துவிட்டன. பேசினவர்களும் கலைந்துவிட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறைக் கூரைமேல் வேலை. சித்திரை மாதம், உச்சிப்பொழுது. இடுப்புக் கயிற்றைக் கழற்றி வேறிடத்தில் மாட்டப் போன நேரத்தில், கூரை ஓரத்து ஷீட் அவன் காலடியில் உடைந்து, வெளியே சிமெண்ட் தரையில் விழுந்தான். விழுந்தவனை அசைத்தால் முதுகெலும்புக்கு ஆபத்து என்று யாரோ சொன்னதால், வண்டி வரும்வரை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். அதுவரைக்கும் உயிர் இருந்தது. போகிற வழியில் போய்விட்டது. துக்கத்துக்கு வந்த ஒருவர், பிள்ளை வெயிலிலேயே கிடந்தான் என்று வாசலில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதில் விழுந்தது. உன் அம்மா உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்தாள். அவள் காதில் விழவில்லை என்று நினைத்து, அதை எனக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டேன். அவளும் அப்படியே பூட்டிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒரே வீட்டில், ஒரே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வருஷமாக இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதே வார்த்தையைச் சுமந்திருக்கிறோம். உங்களுக்கு அப்படி நேரக் கூடாது. மாப்பிள்ளைக்கு ஒரு கஷ்டம் வந்தால், அவர் சொல்லாவிட்டாலும் நீ கேட்டுவிடு.

சித்திரை பிறந்ததும் அம்மா நடப்பதில் ஒரு மாற்றம் தெரிந்தது. குதிகாலை ஊன்றாமல் பக்கவாட்டில் கால் வைத்தாள். கேட்டதற்கு வயசாகுதில்ல என்றாள். நான் ஷிப்டுக் காலத்துப் பழக்கத்தில் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறவன். உச்சி வேளையில் அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நீ மறுபடியும் போன் செய்து, இந்த முறை கொஞ்சம் கோபமாகவே, அண்ணன் வெச்சத கவனிக்கக்கூட உங்களுக்கு மனசில்லையா என்று கேட்டாய். அந்த வார்த்தைதான் என்னை மாடிக்கு ஏற்றியது. அதற்காக நீ வருத்தப்பட வேண்டாம். அது தேவையாகத்தான் இருந்தது.

கண்ணைத் திறக்க முடியாத வெயில். மேல்படியில் நின்று பார்த்தபோது முதலில் எனக்குத் தெரிந்தது தெற்குக் கடைசிப் பேனலின் மேல் கிடந்த ஈரப் போர்வைதான். நீலக் கட்டம் போட்ட சரவணனின் போர்வை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் இரும்புக் கால்களுக்கு நடுவில், பேனலின் நிழலில், உன் அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் காலி பக்கெட். காலில் செருப்பில்லை.

நான் கத்தவில்லை. துணியை எடு, இதனால்தான் கரண்டு விழுகிறது, பாப்பா அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று சொன்னேன்.

"கரண்டு போனா போவுதுங்க" என்றாள். "கை வெச்சுப் பாருங்க, எப்படி கொதிக்குதுன்னு. சூடானா சோர்ந்து போயிடும்னு அவன் சொன்னான்ல."

நான் பக்கத்துப் பேனலில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. அவள் சொன்னது உண்மைதான். அவன் அப்படித்தான் சொன்னான். அவன் சொன்னதில் சூட்டைப் பற்றியது மட்டும் அவளிடம் தங்கியிருந்தது, நிழலைப் பற்றியது மட்டும் என்னிடம் தங்கியிருந்தது. துணியால் மூடினால் சூடு குறையலாம், ஆனால் வெளிச்சமும் போய்விடுமே, சோர்ந்த கரண்டாவது கிடைத்துக்கொண்டிருந்ததை நாமே நிறுத்துகிறோமே என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முடித்ததும் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அவன் வெயில்ல கெடந்தானாம்ங்க. ஒரு துணி போட்டு மறைக்க ஆளில்லாம கெடந்தானாம்."

அதற்கு மேல் நான் எதையும் விளக்கவில்லை. கைகொடுத்து எழுப்பினேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து படி வரைக்கும் ஈரத் தடம் இருந்தது. தண்ணீர் என்று நினைத்தேன். கீழே வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து கிடந்தது. சர்க்கரை உள்ள உடம்பு பாப்பா. தினமும் சுட்டிருக்கிறது, அவளுக்கு அது உறைக்கவே இல்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் புண் ஆறவில்லையென்றால் விரலை எடுக்க வேண்டிவரும், தரையில் கால் வைக்க விடாதீர்கள் என்றார். உன்னிடம் அம்மா காலில் சின்னப் புண் என்று மட்டும் சொன்னேன்.

படுக்கையில் கிடந்தாள். காலையில் பேசுவாள், கட்டுப் போடும்போது பேசுவாள். உச்சி வேளை நெருங்கினால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, விரலால் மெத்தையைப் பிராண்டிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் தாங்க மாட்டாமல், நீங்க போய்ப் போட்டுட்டு வாங்களேன் என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். போர்வையை நனைத்துப் பிழிந்து, அவள் விரித்த அதே பேனலில் விரித்தேன். அது காயும்வரை படிக்கட்டு நிழலில் நின்றுவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். இன்னும் ஏன் கோடு விழுகிறது என்று நீ கேட்டபோது நான் சொன்ன பதில் எனக்கே ஞாபகமில்லை. அந்தக் கோட்டை விழவைத்தது நான்தான். அங்கே நின்றிருந்தபோது, இதை நான் அவளுக்காகச் செய்கிறேனா, அவனுக்காகச் செய்கிறேனா என்று எனக்குப் புரியவில்லை. ஈரத் துணியை விரிக்கும்போது ஒரு முகத்தை மூடுகிற மாதிரியே கை போனது. இப்படியே விட்டால் நானும் அவளோடு மேலேயே தங்கிவிடுவேன் என்று பயம் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் லூர்துக்குப் போன் செய்தேன்.

லூர்தை உனக்குத் தெரியும். கருவடிக்குப்பத்துப் பையன், அண்ணனோடு கூடவே வேலை பார்த்தவன். சம்பவத்தன்று அந்தப் பட்டறையில் இருந்தவன். துக்க வீட்டுக்கு வந்து வாசல் கேட் ஓரமாக நின்றுவிட்டுப் போனவன், பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு எங்களைப் பார்க்க முகமில்லை என்று நாங்கள் நினைத்தோம். எங்களுக்கு அவனைப் பார்க்கப் பிடிக்காது என்று அவன் நினைத்திருக்கிறான். பேனலில் ஏதோ கோளாறு, வந்து பார்க்க முடியுமா என்றேன். வரேம்பா என்றான்.

வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டான். பேனல்களைத் துடைத்து, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனவன் தெற்குக் கடைசியில் நின்றான். அந்தப் பழுப்புக் கறையை முதலில் பார்த்தவன் அவன்தான். இது மேல தெனமும் எதுனா நெழல் உழுவுதாப்பா என்று கேட்டான். நான் போர்வை விஷயத்தைச் சொன்னேன். அவன் கீழே கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னான். பேனலுக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கிறதே, அதில் ஓரிரண்டு கட்டம் மட்டும் மறைந்தால், மற்ற கட்டங்கள் கொடுக்கிற கரண்டெல்லாம் மறைந்த கட்டத்தின் வழியாகத்தான் முட்டிக்கொண்டு போகப் பார்க்குமாம். போர்வை காய்ந்து காற்றில் ஒதுங்கி, ஓரம் மட்டும் மூடிக் கிடக்கிற நேரங்களில் அதுதான் நடந்திருக்கிறது. "வெயில்ல இருக்கற கட்டம் தப்பிச்சுடும்பா. நெழல் உழுந்த கட்டம்தான் வெந்து போவும்."

குளிரட்டும் என்று அவள் மூடின இடம்தான் எரிந்திருக்கிறது. என் கையாலும் மூடியிருக்கிறேன். இதை மட்டும் கீழே சொல்லிவிடாதே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனும் தலையாட்டினான். நீ மேலே வந்து அந்தக் கறையைப் பார்க்கும்போது உனக்கும் அதையேதான் சொல்கிறேன். பழசானால் அப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

கீழே உன் அம்மா கட்டுப் போட்ட கால்களை ஸ்டூலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவன் உட்காராமல் நின்றுகொண்டே குடித்தான். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். பிறகு வெகு சாதாரணமாக, அடுத்த கேள்வி அதுதான் என்கிற மாதிரி கேட்டாள்.

"லூர்து, அன்னிக்கு நீ அங்கதான இருந்த?"

"இருந்தேம்மா."

"அவன் மேல வெயிலு பட்டுக்கினே இருந்துச்சா?"

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லித் தடுத்திருக்க வேண்டும்.

"இல்லம்மா" என்றான். "நான் நின்னேன். என் நெழலு அவன் மொகத்துல உழற மாதிரி நின்னுக்கினேன். வண்டி வர்ற வரைக்கும் நகரல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கால் சுட்டிருக்குமேப்பா" என்றாள்.

"ஷூ போட்டிருந்தேம்மா."

"ஒக்காந்து குடி" என்றாள். அவன் உட்கார்ந்தான்.

அன்று உச்சி வேளையில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. போர்வையைப் பற்றிக் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். அவள் தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்து, பகலில் தூங்குகிறவர்கள் தூங்குகிற மாதிரி. அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. கோடு சரியாகிவிட்டது என்று நீ சந்தோஷமாகப் போன் செய்தாயே, அது இதற்குப் பிறகுதான். கால் புண்ணும் மெல்ல ஆறிவிட்டது. விரலுக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேனலைக் கழுவ வேண்டிய நாளில் வெயிலுக்கு முன்னால் நான் மேலே போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று லூர்து எச்சரித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவன் நேராக இங்கேதான் வருகிறான். அம்மா அவனுக்கு மீன் குழம்பு வைக்கிறாள். அவள் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் தலை குனிந்து சாப்பிடுவான்.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் உன்னிடம் முழுவதையும் சொல்கிறேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். லூர்து வந்துபோன சில நாளில், இன்வெர்ட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறதே என்று பார்க்க உச்சிப்பொழுதில் மாடிக்குப் போனேன். சித்திரை இன்னும் முடியவில்லை. அண்ணன் விழுந்த அதே மாதம், ஏறக்குறைய அதே வேளை. வெயிலில் நின்று, சும்மா கீழே பார்த்தேன். என் நிழலைக் காணவில்லை. தேடினால், இரண்டு செருப்புக்கும் அடியில் சுருண்டு கிடந்தது. சூரியன் நேர் தலைக்கு மேலே. ஒரு சாண்கூட நீளவில்லை. நான் இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தேன், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தேன். அந்த வேளையில் நிற்கிற ஒரு மனிதனால் இன்னொருவன் முகத்துக்கு நிழல் கொடுக்க முடியாது பாப்பா.

மண்டியிட்டுக் குனிந்திருக்கலாம். அதைத்தான் நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். சட்டையைக் கழற்றிப் பிடித்திருக்கலாம். அல்லது அந்த நேரத்தில் பயந்துபோய் தூரத்தில் நின்றுவிட்டு, ஒரு வருஷமாக அதையே நினைத்து நினைத்து, கேட்டவள் தாயாக இருந்ததால் அப்படிச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது. நீ வந்தால் லூர்து வருவான். அண்ணனோடு கடைசியாக இருந்தவன் அவன், உனக்குக் கேட்க எவ்வளவோ இருக்கும். என்ன பேசினான், என்ன சாப்பிட்டான், உன்னைப் பற்றி ஏதாவது சொன்னானா, எல்லாம் கேள். அந்த நிழலைப் பற்றி மட்டும் கேட்காதே. நானும் கேட்கவில்லை.

உன் அப்பா